ஒரே தெருவில் மூன்று ‘ஹார்ட் பேஷண்ட்’

எங்கள் அத்தைக்கு ஒரு சனிக்கிழமை மாத்திரை தீர்ந்துபோனது. டவுனுக்குப் போய் வாங்கிவர வீட்டில் ஆள் இல்லை, பஸ்ஸும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான். நேராகப் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் போய், "அண்ணே, உங்ககிட்டதான் ரத்தம் மெலியற மாத்திரை இருக்குல்ல, நாலு குடுங்க, அப்புறம் வாங்கித் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பாவும் தங்கச்சிதானே என்று அட்டையில் பாதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஹார்ட் பிராப்ளம், இரண்டு பேருக்கும் டாக்டர் ‘ரத்தம் உறையாமல் இருக்க’ என்று சொல்லித்தான் எழுதியிருக்கிறார், அப்புறம் என்ன? நாலு நாள் இப்படியே ஓடியிருக்கிறது.

அத்தை சாப்பிட வேண்டியது அசிட்ரோம். பெரியப்பா கொடுத்தது ஈகோஸ்பிரின். இரண்டுமே ரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை, அது நாம் வைத்த பேச்சு வழக்கு. ஈகோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின், ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அசிட்ரோம் வேலை செய்யும் இடமே வேறு. வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் தயாரிக்கும் உறைதல் புரதங்களைக் குறைக்கும். அத்தைக்கு நெஞ்சுக்குள் இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் மட்டும் போதாது, அசிட்ரோம் மாதிரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கணக்குக்கு ஐ.என்.ஆர். என்று பெயர். அடுத்த வாரம் ரத்தம் பார்த்தபோது 3-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அது 1.4-இல் இருந்தது. டாக்டர் திட்டிய திட்டில் அத்தை ஒரு மாதம் பெரியப்பா வீட்டுப் பக்கமே போகவில்லை.

தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. நாம் எல்லோரும் ‘ஹார்ட் பிராப்ளம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் அப்படி: பெரியப்பா, அத்தை, எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். மூன்று பேருக்கும் மூன்று வேறு நோய், வேறு காரணம், வேறு வைத்தியம். விசாரிக்க வருகிறவர்கள் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே புத்திமதியைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள், எண்ணெயைக் குறைங்க, பூண்டு சாப்பிடுங்க, மருதம்பட்டை கஷாயம் குடிங்க என்று.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் ரிப்பேர் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம், ஆனால் போய்ப் பார்த்தால் ஃபுட்வால்வில் சருகு சிக்கியிருக்கும், அல்லது ஒரு பேஸ் போயிருக்கும், பைப்பில் உப்பு அடைத்திருக்கும், இல்லையென்றால் உண்மையிலேயே காயில் எரிந்திருக்கும். பேஸ் போனதற்கு ஃபுட்வால்வைக் கழற்றிப் பார்த்து என்ன பிரயோஜனம்? இதயமும் அடிப்படையில் ஒரு பம்ப்தான். கிட்டத்தட்ட 300 கிராம் எடையுள்ள தசை, ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதிலும் பைப் இருக்கிறது, வால்வு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, மோட்டாரின் உடம்பான தசை இருக்கிறது. எது கெட்டது என்பதுதான் முதல் கேள்வி.

பெரியப்பாவுக்கு வந்தது பைப் கேஸ். நம் ஊரில் அதிகம் பார்ப்பதும் அதுதான். இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிரம்பியிருந்தாலும் அதன் தசைக்குச் சாப்பாடு அந்த ரத்தத்திலிருந்து நேராகக் கிடைப்பதில்லை, மேற்புறமாக ஓடும் கொரோனரி என்ற தனி ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் கிடைக்கிறது. முக்கியமானவை மூன்று. இடப்பக்கம் முன்னால் இறங்கும் எல்.ஏ.டி., இடப்பக்கமே சுற்றிக்கொண்டு பின்னால் போகும் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ‘எல்.ஏ.டி.யில அடைப்பாம்’ என்று கேட்டவுடன் ஆஸ்பத்திரி வராந்தாவில் முகங்கள் மாறுவதற்குக் காரணம், இதயத்தின் முன்சுவரும் நடுச்சுவரின் பெரும்பகுதியும் அந்த ஒரு குழாயை நம்பித்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு தவறான படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது, மேலே சொன்ன என் உப்புப் பைப்பு உதாரணமும் அதற்கு உடந்தைதான். கொழுப்பு குழாயின் உள்பரப்பில் உப்பு மாதிரி படிந்து, படிந்து, கடைசியில் ஒரு நாள் அடைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது குழாயின் சுவருக்குள்ளே வளர்வது, பருவைப் போல. உள்ளே கொழுப்பும் வீக்க அணுக்களும், மேலே மெல்லிய ஒரு மூடி. அந்த மூடி ஒரு நாள் கிழிந்தால், காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவது மாதிரி அங்கேயும் உறைந்துவிடும். வெளிக்காயத்தில் அது நல்லது, இங்கே சில நிமிடங்களில் குழாய் மூடிவிடும். அதுதான் ஹார்ட் அட்டாக், மாரடைப்பு. மூடி கிழிவதற்கு அடைப்பு 90 சதவீதம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 40, 50 சதவீதத்தில் இருப்பதும் கிழியலாம். போன மாதம்தான் டிரெட்மில் டெஸ்டில் நன்றாக ஓடினார், எல்லாம் நார்மல் என்றார்கள், இப்போது இப்படி ஆகிவிட்டதே என்று கேட்கிறோம் அல்லவா, பல சமயம் அதற்கு விடை இதுதான். அந்த டெஸ்ட், குழாய் குறுகியதால் ஓடும்போது ரத்தம் போதாமல் போகிறதா என்று பார்க்கும். எந்தப் பரு எப்போது உடையும் என்று சொல்லாது.

குழாய் மெதுவாகக் குறுகிக்கொண்டே போனால் வருவது ஆஞ்சைனா. மாடி ஏறினால், வேகமாக நடந்தால், சாப்பிட்டவுடன் வண்டி தள்ளினால் நெஞ்சில் ஒரு இறுக்கம், நின்றால் ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும். மாசக்கணக்கில் ஒரே மாதிரி இருந்தால் அது ஒருவகை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்தது இப்போது பத்தடி நடந்தால் வருகிறது என்றால் அது வேறு வகை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வகை.

பெரியப்பாவுக்கு ராத்திரி 2 மணிக்கு வந்தது. வலி என்று அவர் சொல்லவே இல்லை. "நெஞ்சை அமுக்குது, கேஸ்" என்றார். முதலில் ஓமத்தண்ணீர், பிறகு ஒரு சோடா, பிறகு முதுகைத் தட்டிவிடுதல். வேர்த்து பனியன் நனைந்துவிட்டது, புழுக்கம் என்று ஃபேனை இன்னும் வேகமாக வைத்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது ஈசிஜி எடுக்காமல் அசிடிட்டிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். காலை 9 மணிக்கு வேறொரு இடத்தில் ஈசிஜி எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஏழு மணி நேரம். ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்கூடு, வைத்து ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் செத்த தசை திரும்பி வராது. அந்தக் கணக்கு பிற்பாடு வந்து நின்றது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேஸ் என்று ஏமாறுவதில் ஆச்சரியமே இல்லை. இதயத்தின் அடிப்பக்கம் அட்டாக் வந்தால் மேல்வயிறு எரியும், ஏப்பம் வரும், வாந்தி வரும். ஏப்பம் விட்டால் கொஞ்சம் லேசானது மாதிரிகூட இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்கள் பலருக்கும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற வலி வராமலே போகலாம், மூச்சு வாங்கும், வேர்க்கும், காரணமே இல்லாத அசதி இருக்கும், அவ்வளவுதான். தாடையிலோ, முதுகிலோ, இடது கையிலோ மட்டும் வலிப்பதும் உண்டு. என் அபிப்பிராயம் இதில் கறாரானது: நாற்பதைத் தாண்டியவர், அதுவும் சர்க்கரையோ பிரஷரோ சிகரெட்டோ இருப்பவர், நெஞ்சில் இதுவரை பழகாத ஒரு சங்கடத்தோடு வேர்த்துக் கொட்டினால் ஓமத்தண்ணீர் காய்ச்சுகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டுவிடலாம். கேஸாக இருந்தால் ஒரு ஈசிஜி பேப்பர்தான் நஷ்டம்.

தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே முதல் டோஸாக 14 மாத்திரைகளைக் கொடுத்துவிடுவார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடார்வாஸ்டாடின் 8. பார்க்க ஒரு கைப்பிடி மாத்திரையாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டில் நாமே போட்டுக்கொள்கிற சமாச்சாரமும் இல்லை, ஏனென்றால் மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிவது போன்ற வேறு சில நெஞ்சுவலிகளில் இதே மாத்திரைகள் ஆளைக் கவிழ்த்துவிடும். கேத்லேப், அதாவது ரத்தக்குழாய் வழியாகவே போய் அடைப்பை எடுக்கும் வசதி, உள்ள ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போக முடிந்தால் அடைப்பை விரிக்கப் பலூன், ஸ்டென்ட். முடியாது என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. எதுவானாலும் முதல் சில மணி நேரத்தில் கிடைத்தால்தான் அதற்கு மதிப்பு.

பலூன் வைத்தியத்தைத் தொடங்கிவைத்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 1977-இல் சூரிச்சில். அந்தப் பலூன்களைத் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒட்டிப் பார்த்துச் செய்த மனிதர். பைபாஸ் அறுவை சிகிச்சையில் நமக்கும் ஒரு பெருமை உண்டு, இந்தியாவின் முதல் கொரோனரி பைபாஸ் 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இனி நோய் போய்விட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. ஸ்டென்ட் ஒரு இடத்தைத் திறந்து வைக்கிறது, மற்ற குழாய்களில் இருக்கும் பருக்கள் அப்படியேதான் இருக்கின்றன. அட்டாக்கின்போது அது உயிரைக் காக்கும், சந்தேகமே இல்லை. நிதானமாக ஒரே நிலையில் இருக்கும் ஆஞ்சைனாவில் கதை வேறு. 2007-இல் வெளியான கரேஜ், 2020-இல் வெளியான இஸ்கீமியா என்ற இரண்டு பெரிய ஆய்வுகளும், அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்டென்ட் நெஞ்சுவலியைக் குறைக்கிறதே தவிர, நல்ல மாத்திரை வைத்தியத்தோடு ஒப்பிட்டால் சாவைக் குறைக்கவில்லை என்று காட்டின. இடப்பக்க மூலக்குழாயிலேயே அடைப்பு என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அதனால் ‘இப்பவே கையெழுத்துப் போடுங்க’ என்று யாராவது அவசரப்படுத்தினால், இது அட்டாக்கா, இல்லை ஸ்டேபிள் ஆஞ்சைனாவா என்று கேட்பது மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. அட்டாக் என்றால் உடனே கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

நம்மவர்களுக்கு இது சீக்கிரமே வருகிறது என்பதும் வெறும் பேச்சில்லை. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முந்தியே இருந்தது. உடம்பில் என்னவோ ஒரு மர்மம் என்றெல்லாம் ஓட வேண்டாம், பெரும்பகுதிக் காரணம் புகை, சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு, தொப்பை என்று எண்ணிச் சொல்லக்கூடியவைதான், அவை நமக்கு இளம் வயதிலேயே சேர்ந்துவிடுகின்றன.

சரி, அத்தை. அத்தைக்குக் கொழுப்பும் இல்லை, அடைப்பும் இல்லை. ஒன்பது பத்து வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, கொஞ்ச நாள் கழித்து முட்டி வீங்கி, முட்டி சரியானதும் கணுக்கால் வீங்கி, பிறகு தானாகப் போய்விட்டதாம். வளர்ற பிள்ளைக்கு இப்படித்தான் என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் காவல்படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டையும் இதய வால்வையும் அடித்துவிடுகிறது. மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவர்களிடையே ஒரு பழைய வாசகம் உண்டு. மூட்டு சுவடில்லாமல் சரியாகிவிடும். வால்வு ஆண்டுக்கணக்கில் தடித்து, ஓரங்கள் ஒட்டி, மீன் வாய் மாதிரி சுருங்கிப்போகும்.

இதயத்தில் வால்வு நான்கு. இதில் அதிகம் அடிபடுவது இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல். அது சுருங்கினால் நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இறங்க வழியில்லாமல் தேங்கும், மூச்சு வாங்கும். நிறையப் பெண்களுக்கு முதல் பிரசவத்தின்போதுதான் இது தெரியவே வருகிறது, ஏனென்றால் கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி மடங்கு கூடிவிடும், குறுகிய வாசலால் அதைத் தாங்க முடியாது. அத்தைக்கும் அப்படித்தான், மூத்தவனைச் சுமந்த ஏழாம் மாதம். பணக்கார நாடுகளில் கிட்டத்தட்ட மறைந்துபோன நோய் இது, நெருக்கமான வீடுகளிலும் வைத்தியம் எட்டாத ஊர்களிலும்தான் இன்னும் தங்கியிருக்கிறது. தொண்டை வலியைச் சரியான ஆண்டிபயாடிக்கால் முடித்துவிட்டால் பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சலே வராது. ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடி வராமல் இருக்க 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, அதுவும் வருஷக்கணக்கில். இடுப்பில் போடும் அந்த ஊசியின் வலி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த வலிக்குப் பயந்தே பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

வால்வு வளைந்து கொடுக்கிற நிலையில் இருந்தால் பலூன் வைத்தே வாசலை விரித்துவிடலாம். அத்தைக்கு முதலில் அதைத்தான் செய்தார்கள், பதினைந்து வருஷம் ஓடியது. அப்புறம்தான் செயற்கை வால்வு. வைத்தது நம் நாட்டுச் சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல மாதிரிகள் தோற்றுத் தோற்று, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது அது. வெளிநாட்டு வால்வின் விலையைப் பார்த்து மலைத்துப்போயிருந்த வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வால்வு வைத்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் அத்தை பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு டிக் டிக் என்று கேட்கும். பேரப்பிள்ளை அத்தையைக் ‘கடிகார ஆத்தா’ என்றுதான் கூப்பிடுகிறது.

அந்த டிக் டிக் இருக்கும்வரை அசிட்ரோமும் இருக்க வேண்டும். அந்த வால்வு நம் உடம்பின் சதை அல்ல, ரத்தத்தின் கண்ணுக்கு அன்னியப் பொருள், உறைந்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஐ.என்.ஆர். குறைந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும் அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம், கூடினால் ரத்தக்கசிவு. கீரையை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள் பலர், அது தேவையில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாறி மாறி இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும், மாத்திரை அளவை அதற்கேற்ப டாக்டர் வைத்துவிடுவார். டெஸ்டே வேண்டாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று கேட்பார்கள், அவை உலோக வால்வுக்கு ஆகாது, பரிசோதித்துப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள்.

ருமாட்டிக் இல்லாமலும் வால்வு கெடும். எழுபதைத் தாண்டியவர்கள் சிலருக்கு மகாதமனி வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு பிடித்து இறுகிப்போகும், மாடி ஏறும்போது மயக்கம் வரும். இப்போது தொடை வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைக்கிறார்கள், செலவுதான் கண்ணைக் கட்டுகிறது.

மூன்றாவது ஆள் வாத்தியார். இவருக்குக் கோளாறு கரண்டில். இதயத்துக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருவதில்லை, வலது மேலறையின் மூலையில் ஒரு சின்ன முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானே பொறி தட்டுகிறது, அது ஒரு வழியாக இறங்கிக் கீழறைகளுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் துடிப்பு. வாத்தியார் பூஜை அறையில் மணி அடித்துக்கொண்டே சரிந்தார். எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, விரதம் என்றார். நர்ஸாக இருக்கும் மருமகள் நாடியைப் பிடித்துப் பார்த்து 36 என்று எண்ணினாளோ இல்லையோ, காரை எடுக்கச் சொல்லிவிட்டாள். மேலே தட்டிய பொறி கீழே இறங்கவில்லை, ஹார்ட் பிளாக். இந்த ‘பிளாக்’ வேறு, பெரியப்பாவின் ‘பிளாக்’ வேறு, ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்து டாக்டர்களும் நம்மைக் குழப்புகிறார்கள். இதற்கு ஸ்டென்ட் இல்லை, பேஸ்மேக்கர், அதாவது பேட்டரியில் ஓடி இதயத்தைத் துடிக்கத் தூண்டும் சின்னக் கருவி.

பேஸ்மேக்கர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் முதன்முதலாக உடம்புக்குள் வைத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன், 1958 அக்டோபர் 8. ஒரு நாளைக்குப் பலமுறை இதயம் நின்று மயங்கிக்கொண்டிருந்தவரை அவர் மனைவி விடவில்லை, எஞ்சினியர் எல்ம்குவிஸ்டையும் சர்ஜன் சென்னிங்கையும் துளைத்தெடுத்துச் செய்யவைத்தார். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி அது. முதலாவது சில மணி நேரமே ஓடியது. லார்சன் தன் வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர் மாற்றி, செய்த எஞ்சினியரும் வைத்த சர்ஜனும் போன பிறகு, 2001-இல் தன் 86-வது வயதில்தான் இறந்தார். வாத்தியாருக்கு இதைச் சொன்னேன், அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. அவர் செல்போனைச் சட்டைப் பையில் கருவி இருக்கும் பக்கம் வைப்பதில்லை, இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறார், வேறு கட்டுப்பாடு பெரிதாக ஒன்றும் கிடையாது. சொல்லக் கூச்சமான இன்னொரு விஷயம் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தகனம் செய்வதற்கு முன் அந்தக் கருவியை எடுத்துவிட வேண்டும், பேட்டரி வெடிக்கும்.

கரண்ட் கோளாறு குறைவாகத் துடிப்பது மட்டுமில்லை. மேலறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நாடியைப் பிடித்தால் தாளம் தப்பிய மிருதங்கம் மாதிரி இருக்கும். ரத்தம் அங்கே மூலையில் தேங்கி உறைந்து மூளைக்குப் போகும், பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. அதனால்தான் இதயத்துடிப்புக்குப் போன ஆளுக்கு உறையாமை மாத்திரை எழுதுகிறார்கள். இதே நடுக்கம் கீழறையில் வந்தால் ரத்தம் வெளியே போகவே போகாது, ஆள் சில நொடிகளில் விழுந்துவிடுவார். அதுதான் கார்டியாக் அரெஸ்ட். பேப்பரில் இதையும் மாரடைப்பு என்றே போடுகிறார்கள். மாரடைப்பு வந்தவர் பேசுவார், வலிக்கிறது என்பார், ஆஸ்பத்திரிக்கு நடந்துகூட வருவார். அரெஸ்ட் ஆனவருக்கு நினைவும் இருக்காது, சரியான மூச்சும் இருக்காது. முன்னது பின்னதில் போய் முடியலாம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. விழுந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்தால், உடையலாம்தான், உயிரோடு இருந்தால் எலும்பு சேர்ந்துவிடும்.

பிறவிக் கோளாறுகளைப் பற்றிச் சுருக்கமாக. பிறக்கும் 1000 குழந்தைகளில் 8, 9 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு அமைப்புக் குறை இருக்கிறது. ‘ஓட்டை’ என்றதும் உலகமே இருண்டுவிட வேண்டாம், கீழறைச் சுவரில் உள்ள சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்கின்றன, பெரியவற்றைக் கால் வழியாகக் குடை மாதிரி ஒன்றைக் கொண்டுபோய் அடைக்கிறார்கள் அல்லது ஆபரேஷன். பால் குடிக்கும்போதே நெற்றியில் வேர்த்து, பாதியில் களைத்துப்போகிற குழந்தை, உதடு நீலம் பாரிக்கிற குழந்தை, இவர்களை நேரம் கடத்தாமல் காட்ட வேண்டும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்கும் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கான வைத்தியமும் அடக்கம். சொந்தத்தில் கட்டிய வீடுகளில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல், நம் பக்கத்தில் மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டுவது இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

எந்த டெஸ்ட் எதைப் பார்க்கிறது என்பதிலும் இதே குழப்பம். ஈசிஜி கரண்டைப் பார்ப்பது. ஐந்தோவன் அதைக் கண்டுபிடித்த காலத்தில் இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும், இப்போது ஒட்டி எடுத்துவிடுகிறார்கள். அட்டாக் நடக்கிறபோது எடுத்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், ஆனால் முதல் ஈசிஜி நார்மலாகவே இருக்கலாம், சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். எக்கோ, வால்வையும் தசையையும் பார்ப்பது, குழாய் அடைப்பு அதில் நேராகத் தெரியாது. குழாயைப் பார்க்க ஆஞ்சியோகிராம். வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப் செய்து ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல் என்று ஃபைலைக் காட்டுகிறவர்களிடம், குழாயைப் பற்றி அந்த ஃபைலில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

மிச்சம் இருப்பது மோட்டாரின் உடம்பு, தசை. பரம்பரையாகத் தசை தடித்துப்போவது ஒன்று, 500 பேரில் ஒருவருக்கு இருக்கும், விளையாட்டு மைதானத்தில் திடீரென விழும் இளைஞர்கள் சிலருக்குக் காரணம் இது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2009-இல் கண்டுபிடித்தார்கள், வயது ஏற ஏற அது தசையைப் பலவீனமாக்கக்கூடியது. பிரசவத்தை ஒட்டித் தசை தளர்ந்துபோவது உண்டு. பெரிய துக்கத்தில், அதிர்ச்சியில், இடது கீழறை பானை மாதிரி உப்பிப்போவதும் உண்டு, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் குடுவையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள், டகோட்சுபோ. இழவு வீட்டில் நெஞ்சடைத்துச் சாய்ந்தவர்களில் சிலருக்கு அதுவாக இருந்திருக்கலாம். நல்லவேளை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

இத்தனை வகையாகப் பிரித்துச் சொன்னாலும் இவை தனித்தனி அறையில் பூட்டி வைத்தவை இல்லை. சரியாகக் கவனிக்காத பைப் நோயும், வால்வு நோயும், பல வருஷத்துப் பிரஷரும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்று உண்டு, ஹார்ட் ஃபெயிலியர். இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை, தள்ள வேண்டிய அளவு தள்ள முடியவில்லை என்று அர்த்தம். ஒரு துடிப்புக்குக் கீழறை தன்னிடம் உள்ளதில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதை இ.எஃப். என்பார்கள், 55-க்கு மேல் இருந்தால் நல்லது. நூற்றுக்கு 55-தானா, பாஸ் மார்க்கா என்று கேட்பவர்கள் உண்டு, முழுசாகக் காலி செய்யும் இதயமே கிடையாது.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பெரியப்பா மூன்று தலையணையை அடுக்கி, அதன்மேல் சாய்ந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்த மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "படுத்தா இருமல் வருது, வயசாச்சுல்ல" என்றார். பெரியம்மா சொன்னார், ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாராம். கணுக்காலை விரலால் அமுக்கினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர்கள் இந்த நோயில் தலையணையைத்தான் எண்ணுவார்கள், எத்தனை வேண்டியிருக்கிறது என்று கேட்பார்கள், படுத்தால் காலில் தேங்கிய நீர் திரும்பி வந்து நுரையீரலை நிறைப்பதால். எக்கோவில் இ.எஃப். 38. எல்.ஏ.டி. ஊட்டிய முன்சுவர் சரியாக அசையவில்லை, அந்த ஏழு மணி நேரம் அங்கே தழும்பாக இருந்தது.

நீர் வெளியேற ஒரு மாத்திரை, இதயத்தின் சுமையைக் குறைக்க இரண்டு மூன்று, கூடவே சர்க்கரைக்கென்று வந்த ஒரு மாத்திரை. எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே என்று பெரியப்பா சண்டைக்கு நின்றார். அந்த மாத்திரை சர்க்கரை இல்லாதவர்களின் தளர்ந்த இதயத்துக்கும் உதவுகிறது என்று ஆய்வுகளில் தெரிந்தது சமீப வருஷங்களில்தான், அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் எழுந்ததும் எடை பார்த்து காலண்டரில் எழுத வேண்டும், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர், உடனே போன் பண்ண வேண்டும். உப்புதான் பெரிய போராட்டம். சாதத்தில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று பெரியம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும் இரண்டு அப்பளமும் இருந்தன, அன்றைக்கு ராத்திரிக்குக் கருவாட்டுக் குழம்பு.

பொங்கலுக்குப் போனபோது திண்ணையில் அத்தை உட்கார்ந்து மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அ-சிட்-ரோம் என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். காலண்டரில் பெரியப்பாவின் எடை மூன்று வாரமாக ஒரே கோட்டில் நின்றிருந்தது. கட்டிலில் ஒரே ஒரு தலையணை. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன், பேரன் கிரிக்கெட் ஸ்டம்புக்குப் பின்னால் வைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.